குஸ்கோவுக்குப் போன சாமி

ஊரே தெருவில் நின்று அழுதது. பல்லக்கில் வைத்துக் கட்டியிருந்த கல்லை இன்னும் சற்று நேரத்தில் சிப்பாய்கள் குஸ்கோவுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள்.

போரில் பிடித்த நாடுகளின் சாமிகளையெல்லாம் தலைநகர் குஸ்கோவுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது இன்காப் பேரரசரின் வழக்கம். சாமியை எடுத்துப்போக ஆள் வருகிறது என்று சேதி வந்த நாளிலிருந்து ஊர்த்தலைவர் வில்காபோமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அங்க உங்க சாமிக்கு ஒரு குறையும் வராது," என்றான் இன்காவின் அதிகாரி ரிமாச்சி. "நல்ல துணி, தினம் சோள மது. ஆனா நீங்க முரண்டு பிடிக்கிறதா சேதி வந்தா, குஸ்கோ நடுத்தெருவுல வச்சு சாமிக்குச் சவுக்கடி விழும். ஊரையும் பேத்துக் கொண்டுபோய் எங்கயாவது காட்டுல விட்டுருவோம்."

"நாங்க எதுக்குங்க முரண்டு பிடிக்கப் போறோம்," என்றார் வில்காபோமா.

ரிமாச்சி கல்லைச் சுற்றி வந்தான். "என்னய்யா, சாமிக்கு முகமே இல்லையே?"

"மலைச்சாமிங்க. மலைக்கு ஏதுங்க முகம்?"

"நடுவுல குழிஞ்சிருக்கே?"

வில்காபோமா அவசரமாக முன்னால் வந்தார். "பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கைபட்டுக் கைபட்டுத் தேஞ்சதுங்க."

ரிமாச்சி அந்தக் குழியைப் பயபக்தியோடு விரலால் தடவினான். பிறகு சாமி கும்பிடும் முறைப்படி, அதே கையால் தன் புருவத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கல்லை நோக்கி ஊதினான். மறுகணமே அவன் கண் சிவந்து, நீர் தாரையாகக் கொட்டியது.

"சக்தியுள்ள சாமிதான்," என்றான் கண்ணைத் துடைத்தபடி. "என்னையே அழ வச்சிருச்சு. பார்த்துத் தூக்குங்கப்பா."

தலைவரின் மனைவி தோக்தோ ஓடிவந்து பல்லக்கைக் கட்டிக்கொண்டாள். ஊரிலேயே அதிகமாக அழுதவள் அவள்தான்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உன் முன்னாலதானே உக்காந்திருக்கேன். நீ இல்லாம எங்க வீட்டுல ஒரு வாய் இறங்குமா?"

சிப்பாய்களுக்கே மனசு கேட்கவில்லை. அவளை மெல்ல விலக்கிவிட்டு, சங்கு ஊதிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினார்கள். கடைசிச் சிப்பாயின் தலை வளைவில் மறைகிற வரை யாரும் அழுகையை நிறுத்தவில்லை.

வில்காபோமா அப்போதுதான் மூச்சு விட்டார். தோக்தோ மூக்கைச் சிந்திவிட்டு அவரை முறைத்தாள்.

"உங்க சாமியைக் காப்பாத்தியாச்சு. இனிமே நான் மிளகாயை எதுல அரைக்கிறது?"