மாலை போட்ட ரோலர்

வாடகைக் கார்க்காரன் மண்பாதையின் முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். குழிகளில் ஊர்க்காரர்கள் கிராவல் கொட்டியிருந்தும், நேற்றைய மழைக்குச் சக்கரம் புதைந்துவிடும் என்றான். சொரிமுத்து உள்ளே கல்யாணக் கோலத்தில் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு, ரோடு போட வந்து மாதக்கணக்காக அந்த முனையில் சும்மா நிற்கும் ரோடு ரோலரைப் பார்த்தார். அரசாங்க வண்டி. அதை ஓட்டுவதுதான் அவருக்கு வேலை. சாவி இடுப்பிலேயே இருந்தது.

காருக்குப் போட்ட மாலையைக் கழற்றி ரோலருக்குப் போட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அவருக்குப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரோலரின் வேகத்துக்கு மேளக்காரர்கள் நிதானமாகவே வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

பாதித் தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அவருடைய துறையின் ஜீப். அதிலிருந்து இறங்கிய இன்ஜினியரைக் கண்டதும் சொரிமுத்து ரோலரை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார்.

“யாரக் கேட்டுய்யா வண்டிய எடுத்த? வேல வேணுமா, வேண்டாமா?”

சொரிமுத்து வாயைத் திறப்பதற்குள் ஜீப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. வேறேதோ கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் கோலத்தில், பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக இன்ஜினியரின் மனைவி. மணப்பெண்ணைப் பார்க்கும் ஆசையில், சேறு இருக்கும் என்று கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி காலை மெல்ல வைத்தாள். ரோலர் கடந்துபோன தரை கெட்டியாக இருந்தது. கொசுவத்தை விட்டுவிட்டாள்.

“இந்த ஊருக்கு ரோடு போட்டுட்டீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லயே.”

மேளம் நின்றுபோனது. இன்ஜினியர் தன் மனைவியின் காலைப் பார்த்தார், தாம்பூலப் பையைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். கடைசியில் செருப்பு நுனியால் பாதையின் ஓரத்தைக் காட்டினார்.

“திரும்பி வரும்போது இந்தப் பக்கத்தையும் ஒரு தடவ அமுக்கிட்டு வா.”