வால் கொக்கி

அருங்காட்சியகத்தில் நின்ற அந்தப் போர் விமானத்தின் முன்னால் என் பேத்தி சம்பந்தியோடுதான் படம் எடுத்துக்கொண்டாள். அவர் அதை விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து ஓட்டியவர். அதே கப்பலில் அதைத் தினமும் சோதித்து அனுப்பிய மெக்கானிக் நான்.

"தாத்தா, நீங்களும் வாங்க!"

"கப்பல்ல இறங்கத் தெரியாம தடுப்பு வலையில போய் மோதினவர் பக்கத்துல எனக்கென்ன வேலை? நம்ம வம்சத்துல யார் வேலையிலயும் கரும்புள்ளி கிடையாது."

சம்பந்தி சிரித்தார். "சம்பந்திக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி."

விடுவேனா? காவலரிடம் கேட்டு விமானத்தின் பதிவேட்டை வாங்கி, அந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன்.

"படி," என்றேன்.

பேத்தி படித்தாள். "'விமானத்தை நிறுத்த, தளத்தின் கயிற்றைப் பிடிக்கும் வால் கொக்கி இறங்கவில்லை. இறக்க மறந்தது என் தவறு.'"

"கேட்டுக்கோ. அவரே எழுதிக் கொடுத்தது!"

"சரி தாத்தா, மேல காலைச் சோதனையில எல்லாத்துக்கும் டிக் இருக்கு. வால் கொக்கிக்கு மட்டும் ஏன் இல்ல?"

குனிந்து பார்த்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அடியில் என் கையெழுத்து.

அன்று நாங்கள் சம்பந்திகள்கூட இல்லை.

சம்பந்தி பதிவேட்டை மெல்ல மூடினார். "பேனாவுல மை காஞ்சிருக்கும் கண்ணு. வாங்க சம்பந்தி, படம் எடுத்துக்கலாம்."