ஏழாம் எண்

சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்கால். ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பின் உடை மாற்றும் அறையில் தைல நெடி தொண்டையை அடைக்கிறது. சிமெண்டுத் தரையில் பூட்ஸ்கள் கடகடக்கின்றன. நடுவில் நொலீன் நிற்கிறாள், கையில் ஏழாம் எண் ஜெர்சியோடு. அவள் மகன் ரீஸ் போட்டது. ஓர் எண்ணைப் புதிதாக அணிபவனுக்கு முன்பு அணிந்தவன் வீட்டார்தான் அதைத் தர வேண்டும் என்பது இந்த கிளப்பின் வழக்கம். ரீஸ் இனி ஆட மாட்டான். போதையில் அணித்தோழன் பிரோடி ஓட்டிய கார் மரத்தில் மோதியதில், பக்கத்தில் இருந்த ரீஸின் முதுகெலும்பு முறிந்தது. சிறையும் போதை மீட்புச் சிகிச்சையும் முடிந்து வந்த அந்த பிரோடிதான் இப்போது கை நீட்டி நிற்கிறான். கண் தெளிந்திருக்கிறது, கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. அவள் கொடுத்துவிட்டால் ஊரே மன்னித்ததாக ஆகிவிடும்.

கிளப் தலைவர் வார்விக் கனைக்கிறார். "பையன் சுத்தமா திருந்திட்டான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் போதைய எதிர்த்துப் பேசறான். குடும்மா, ஆட்டத்துக்கு நேரமாச்சு."

"கோல் அடிக்க ஆள் இல்லன்னதும் திருந்திட்டானா, வார்விக்?"

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறான். நொலீனின் விரல்களுக்குள் ஜெர்சி கயிறாக முறுகுகிறது. பிரோடி தரையைப் பார்க்கிறான். "மன்னிச்சிடுங்க, நொலீன்."

"என்கிட்ட எதுக்குடா கேக்கற? ஊரெல்லாம் போய்ப் பேசினியே, ரெண்டு தெரு தள்ளிப் படுத்துக் கெடக்கானே ரீஸ், அவனை ஒரு நாளாவது வந்து பார்த்தியா?"