பரம சாது

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்த பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“கிரேடு ஒண்ணுதான்டி!”

“நானும் அதைத்தான் போட்டிருக்கேன் அக்கா,” என்றாள் உதவி டாக்டர்.

“மார்புப் புற்றுக் கட்டியிலேயே இது பரம சாது! வளர்றதுக்கு அவசரமே படாது. வைத்தியம் பண்ணினா அவ பேரன் பேத்தி எடுப்பா, பாரு!”

“நல்ல சேதிதான். அதுக்காக இப்படியா? எத்தனை பேருக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கோம், நீங்க சிரிச்சுக்கூட நான் பார்த்ததில்லையே! கண்ணாடித் தகட்டுல வெறும் நம்பர்தானே இருக்கு, யாரு அக்கா இது?”

பெரிய டாக்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திழுத்து ஆடத் தொடங்கினாள்.

“போன வாரம் கல்யாணத்துக்குப் போறேன்னு லீவு போட்டேன்ல? பொய்டி. ஊசி குத்தி என் மார்புலேருந்து எடுத்த சதைதான் இது!”