ஆமைக்கு அடியில் ஒரு வரி

குளக்கரை ஈரமணலில் விலங்குகள் தங்கள் கருத்தை எழுதும். மற்றவர்கள் கீழே பதில் எழுதுவார்கள். ஒருநாள் நரி எழுதியது: "ஆமைகள் சுத்தச் சோம்பேறிகள்."

ஆமைக்குக் கொதித்தது. "அப்பட்டமான பொய்! எழுத வெட்கமாயில்லை?" என்று கீழே எழுதிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் நரி தன் வரியை வாலால் அழித்துவிட்டு, "ஆமைகள் நம் குளத்தின் பெருமை" என்று எழுதி வைத்தது.

மறுநாள் கரையெல்லாம் சிரிப்பு. "பாராட்டினாலும் சண்டைக்கு வர்றியே, தாயே!" என்றது கொக்கு. ஆமை சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை.

அடுத்த முறை நரி எழுதியது: "யானைக்கு மூளை கடுகளவு." ஆமை பதில் எழுதவில்லை. அந்த வரிக்கு இருபுறமும் கால் ஊன்றி, குடை மாதிரி மூடி நின்றாள்.

நரி ஓடிவந்தது. "அக்கா, கொஞ்சம் நகருங்க. சின்னத் திருத்தம்."

"பக்கத்துல எழுது தம்பி. மணலுக்கா பஞ்சம்?"

அப்போது பார்த்து யானை தண்ணீர் குடிக்க வந்தது. பதறிய நரி பக்கத்தில் எழுதியது: "ஆமைக்கு அடியில் இருப்பதை எழுதியது நான் இல்லை."

யானை அதைப் படித்தது. "ஆமைக்கு அடியில் என்ன இருக்கு?"

ஆமை ஒதுங்கினாள். நரி அழிப்பதற்கு வாலைத் தேடியது. வால் யானையின் காலுக்கு அடியில் இருந்தது.

கொக்கு மெல்ல ஆமையிடம் வந்தது. "அப்போ அன்னிக்கும் இதே கதைதானா? மன்னிச்சிடு தாயே."

"வாயால் வேண்டாம்," என்றாள் ஆமை. "மணலில் எழுது. நான் மேலே நிற்கிறேன்."