செவ்வாயா, புதனா?

"கையை எடுங்க மாமா!"

கதவருகில் நின்று மருமகன் போட்ட சத்தத்தில், மாமனாரின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, குடிநீர் நிலையத்தின் பழைய கணினி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார் மனிதர். திரை முழுக்க எண்களாக இருந்தது.

அந்தக் கணினி வந்த காலத்தில் மருமகன் பிறந்தே இருக்கமாட்டான். ஆனால் பம்புகள் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும் என்பதால், நிர்வாகம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலப்பது என்ற அளவு அதில் ஒரு ஃபைலாக இருக்கும். கரண்ட் போனால் சில சமயம் அது அழிந்துவிடும். அழிந்தால், பெட்டியில் இருக்கும் பிளாப்பி டிஸ்க்கைப் போட்டு மறுபடி ஏற்றவேண்டும். எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்பது டைரக்டரியில், அதாவது ஃபைல் பட்டியலில், பதிந்து நிற்கும்.

அந்தத் தேதிக்காகத்தான் இப்போது ஊரே கொந்தளித்துக் கிடந்தது. குழாய்களைக் கழுவி விடும்போது போடுகிற அளவை, குடிக்கிற தண்ணீருக்கு யாரோ ஏற்றித் தொலைத்திருந்தார்கள். இரண்டு அளவுகளும் இருந்த பிளாப்பிகள் ஒரே நிறம் வேறு. தெருவுக்குத் தெரு வாந்தி, கண்ணெரிச்சல். ஒரு குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

அந்த வாரம் செவ்வாயும் புதனும் கரண்ட் போய்ப் போய் வந்தது. செவ்வாய் மருமகனின் டியூட்டி, புதன் மாமனாரின் டியூட்டி. மாட்டுகிறவருக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. டைரக்டரியைப் பார்க்க விசாரணை அதிகாரி சாப்பாடு முடிந்ததும் வருகிறார்.

மருமகனுக்குத் தன் மேல் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. செவ்வாய்க்கிழமை அளவு அழிந்தபோது, டீ ஆறுவதற்குள் மறுபடி ஏற்றிப் பம்பை ஓடவிட்டவன் அவன். "கண்ணை மூடிக்கிட்டே செய்வேன்" என்று அன்று ராத்திரி மனைவியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தான். மாமனாருக்குத்தான் கண்ணாடி போட்டாலும் பார்வை மங்கல்.

"இது செக்டர் எடிட்டர்தானே? டைரக்டரிக்கு உள்ளயே போய்த் தேதியை மாத்துறீங்களா?"

"ஆமா" என்றார் மாமனார். பொய் சொல்லக்கூட முயற்சி செய்யவில்லை.

மருமகன் உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தான். திரையில் இருந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அந்த நிலையத்திலேயே இவர் ஒருவர்தான். புதனைச் செவ்வாய் ஆக்கிவிட்டால் மாட்டப்போவது யார்? கைகாட்ட வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

"என் தலையில கட்டப் பார்க்குறீங்களா? நான் உங்க பொண்ணோட புருஷன்!"

"அது ஞாபகம் இருக்கு மாப்ளே."

"அந்தக் குழந்தையைக் கொஞ்சமாவது நினைச்சீங்களா?"

"அதை நினைச்சுத்தான் தூக்கமே போச்சு." மாமனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எம்பொண்ணு நிறைமாசமா இருக்கா. அவளுக்காகவாவது வாயை மூடிக்கிட்டு இருங்க."

சொல்லிக்கொண்டே ஒரு விசையைத் தட்டினார். அத்தனை எண்களுக்கு நடுவே ஒன்றே ஒன்று மாறியது. டிரைவ் கரகரவென்று முனகிவிட்டு அடங்கியது.

மகள் பெயரைச் சொல்லி மருமகனைக் குழியில் தள்ளுகிற மாமனாரை அவன் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்று நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உறவாவது மண்ணாவது, அதிகாரியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

அதிகாரி வந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கணினியைப் பார்த்துக் குனிந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அந்த டைரக்டரியை..." என்று ஆரம்பித்தான் மருமகன்.

"இருப்பா, முதல்ல பார்த்துடறேன்." அதிகாரி தட்டினார். ஃபைல் பெயர்களும் தேதிகளும் திரையில் வரிசையாக ஏறின. விரலை ஒரு வரியில் வைத்தார். "இதோ. புதன்கிழமை."

மருமகன் எட்டி அந்த வரியைப் பார்த்தான்.

"புதன்கிழமை யார் டியூட்டி?"

"நான்தான் சார்" என்றார் மாமனார். "கண்ணு சரியா தெரியலை. பிளாப்பியை மாத்திப் போட்டுட்டேன்."

"போட்டுட்டேன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க! வாங்க, போலீஸ் வெளியே நிக்குது." அதிகாரி மருமகன் பக்கம் திரும்பினார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒ... ஒண்ணுமில்ல சார்."

மருமகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டான். பதற்றத்தில் கிழவர் எதையோ மாற்றப்போய் எதையோ மாற்றியிருக்கிறார்; திருட்டுத்தனம் செய்யக்கூடக் கண் தெரியவேண்டும் அல்லவா! அதிகாரி முன்னால் போக, வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மாமனாரின் காதருகே போனான்.

"என்ன மாமா, தேதியை மாத்தக்கூடத் தெரியலையா? உங்க புதன்கிழமை அப்படியே நிக்குதே!"

மாமனார் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரியாத்தான் மாத்தினேன் மாப்ளே. நான் பார்க்கும்போது செவ்வாய்னு இருந்துச்சு."