ஒன்பதாம் நம்பர் பனியன்

கணபதியில் ஒரு கல்லூரி மைதானம். மாலை வெயில் சாய்ந்து, கோல் கம்பத்தின் நிழல் பெஞ்சு வரைக்கும் நீண்டு கிடக்கிறது. பெஞ்சில் அனீஸ், நம்பர் இல்லாத பனியனில். கல்லூரி நம்பர் போட்டுத் தைத்தது பதினொன்றுதான், இறங்கி ஆடுகிறவர்களுக்கு மட்டும். ஆறு மேட்ச்சாக அவனுக்குக் கோல் இல்லை. உதைத்த பந்தெல்லாம் கம்பத்தில் போய் மோதியது. கம்பத்துக்கு அவன்மேல் அப்படியொரு பிரியம். "இன்னைக்கு உக்காந்துக்க கண்ணு" என்று கோச் ஒன்பதாம் நம்பரை வாங்கிக் கதிர்வேலிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்குத்தான் சென்னை கிளப்காரர் அனீஸின் ஆட்டத்தைப் பார்த்து, பிடித்தால் சேர்த்துக்கொள்ள வந்திருக்கிறார். கதிர்வேல் இரண்டாவது கோலும் போடுகிறான். விசில், கைதட்டல், செம்மண் புழுதி. அனீஸும் தட்டுகிறான், கொஞ்சம் பிந்தி. கிளப்காரர் சிரித்தபடி பெஞ்சருகே வருகிறார். கையிலுள்ள தாளில் 'அனீஸ், 9' என்றிருக்கிறது. "தம்பி, ஒன்பது பிரமாதம்! அவன்தானே அனீஸ்?" "இல்லீங்ணா, அது கதிர்வேலுங்க. ரெண்டு கால்லயும் அடிப்பானுங்க." "அப்ப அனீஸ் எங்க?" அனீஸ் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கிறான், முடிச்சு இறுகிக் கிடக்கிறது. "அவன் இன்னைக்கு வரலீங்ணா." கிளப்காரர் பேரை அடித்துவிட்டு, நம்பரை அப்படியே விட்டுவைக்கிறார்.